சிற்றலை ரேடியோ வாங்குமுன்: விவரக் குறிப்பில் உள்ள சொற்கள் காதுக்கு என்ன சொல்கின்றன?

கரிசல்காடு (கோவில்பட்டி)

எல்லோருக்கும் வணக்கம். சிற்றலை கேட்பதற்கென்றே ஒரு ரேடியோ வாங்கலாம் என்று இருக்கிறேன். இதுவரை எஃப்.எம்.மும் மத்திய அலையும் மட்டும்தான் பழக்கம். இரண்டு மூன்று மாடல்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். விவரக் குறிப்பைத் திறந்தால் சென்சிட்டிவிட்டி, செலக்டிவிட்டி, டூயல் கன்வர்ஷன், இமேஜ் ரிஜெக்ஷன், சிங்க், பேண்ட்வித், அட்டெனுவேட்டர் என்று வரிசையாக வருகிறது. இணையத்தில் தேடினால் விளக்கம் கிடைக்கிறது. ஆனால் கேட்கும்போது என்ன வித்தியாசம் தெரியும் என்று யாரும் சொல்வதில்லை. ஒரு மாடலுக்கு சென்சிட்டிவிட்டி 1 மைக்ரோவோல்ட்டுக்கும் குறைவு என்றும், இன்னொன்றுக்கு 20 மைக்ரோவோல்ட் என்றும் போட்டிருக்கிறது. எண் கூடினால் நல்லதா, குறைந்தால் நல்லதா? எதை முதலில் பார்க்க வேண்டும்?

ஏரியல்கம்பி (தஞ்சாவூர்)

குறைந்தால் நல்லது தம்பி. நிலையத்தின் ஒலி ரேடியோவின் சொந்த இரைச்சலுக்கு மேல் ஓரளவு எழுந்து நிற்க வேண்டும்; வழக்கமாக 10 டெசிபெல் என்று கணக்கு வைப்பார்கள். அதற்கு ஏரியல் முனையில் எத்தனை மைக்ரோவோல்ட் வந்து சேர வேண்டும் என்பதுதான் அந்த எண். 1 மைக்ரோவோல்ட்டிலேயே எழுந்தால் கூர்மையான ரேடியோ, 20 வேண்டுமென்றால் மந்தமானது.

ஆனால் அந்த எண்ணை மட்டும் பார்த்து ரேடியோ வாங்க வேண்டாம். விளம்பரத்தில் முதலில் வருவது அதுதான், ஆனால் ஒரு அளவுக்கு மேல் அதனால் பயனில்லை. சிற்றலையில், குறிப்பாக 10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே, இடிமின்னல் இரைச்சலும் வீட்டு மின்சாதனங்களின் இரைச்சலும் ஏரியல் வழியாகவே உள்ளே வந்துவிடும். அது ரேடியோவின் சொந்த இரைச்சலைவிடப் பல மடங்கு பெரியது. திருவிழாக் கூட்டத்தில் நிற்பவருக்குக் கூர்மையான காது இருந்து என்ன பயன்? பக்கத்தில் பேசுபவரின் குரலோடு கூட்டத்தின் சத்தமும் சேர்ந்துதான் கூடும்.

இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. நிலையம் எதுவும் இல்லாத ஒரு அதிர்வெண்ணில் ரேடியோவை வையுங்கள். ஏரியல் குச்சியை உள்ளே தள்ளிவிட்டுக் கேளுங்கள். அப்புறம் முழுக்க வெளியே இழுங்கள். இழுத்ததும் இரைச்சல் தெளிவாகக் கூடினால், வெளி இரைச்சல் ரேடியோவின் இரைச்சலை ஏற்கெனவே முந்திவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்தில் அந்த ரேடியோவின் சென்சிட்டிவிட்டி போதும். அதற்கு மேல் செலவு செய்வதாக இருந்தால் செலக்டிவிட்டிக்குச் செய்யுங்கள்.

வடமராட்சியான் (யாழ்ப்பாணம்)

ஐயா சொன்ன இரைச்சல் விசயம் எங்களுக்கு அனுபவத்தில் தெரிந்தது. தொண்ணூறுகளில் இங்கே மின்சாரம் இல்லை, பற்றரியும் தடை செய்யப்பட்ட பொருட்களில் ஒன்று. சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, பெடல் மிதித்து, டைனமோவில் வானொலியை ஓட்டுவோம். இரவு ஒன்பதே காலுக்கு பிபிசி தமிழோசை. ஒருவர் மிதிக்க மற்றவர்கள் சுற்றி இருந்து கேட்பார்கள். பெட்டி சாதாரணப் பெட்டிதான், ஆனால் அவ்வளவு துப்புரவாகக் கேட்கும். ஊர் முழுக்க ஒரு மின்விளக்கும் இல்லை, ஒரு சார்ஜரும் இல்லை. இப்போது என்னிடம் அதைவிடப் பல மடங்கு நல்ல வானொலி இருக்கிறது, ஆனால் பக்கத்து வீட்டு எல்.இ.டி. விளக்கு எரிந்தால் 49 மீட்டர் சிற்றலைப் பட்டை முழுக்க ஒரே கரகரப்பு. 1941இல் தொடங்கிய தமிழோசை 2017 ஏப்ரலோடு நின்றும்விட்டது.

கரிசல்காடு, உங்கள் பக்கம் மாதம் ஒருநாள் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்தடை செய்வார்கள் அல்லவா? அன்றைக்கு வானொலியை பற்றரியில் போட்டுக் கேட்டுப் பாருங்கள். இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று அன்றைக்கு விளங்கும்.

கரிசல்காடு

நன்றி ஐயா, நன்றி அண்ணா. அப்படியானால் செலக்டிவிட்டி என்பது பக்கத்து நிலையத்தை ஒதுக்கும் திறன், சரியா? அதற்கும் பேண்ட்வித்துக்கும் என்ன சம்பந்தம்? ஒரு ரேடியோவில் 6, 4, 3, 2.5, 2, 1.8, 1 கிலோஹெர்ட்ஸ் என்று ஏழு பேண்ட்வித் இருக்கிறது. இன்னொன்றில் வைடு, நாரோ என்று இரண்டே இரண்டு.

ஊட்டிமலை (நீலகிரி)

ஹாம் (பொழுதுபோக்கு வானொலி) உரிமம் வைத்திருப்பவள் என்ற முறையில் இதற்கு நான் பதில் சொல்கிறேன் தம்பி.

சிற்றலை ஒலிபரப்பு நிலையங்கள் 5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அமர்கின்றன. நம் நாட்டில் மத்திய அலையில் இடைவெளி 9. ஒரு நிலையம் நடுவில் கேரியர் என்ற அடிப்படை அலை, அதன் இரு பக்கமும் பேச்சையும் பாட்டையும் சுமக்கும் சைட்பேண்ட் என்று பரவி நிற்கும். ஒரு பக்கத்துக்கு நாலரை, ஐந்து கிலோஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 9, 10 ஆகிறது. இடைவெளி 5தான். ஆகவே அடுத்தடுத்த அதிர்வெண்களில் இரண்டு நிலையங்கள் ஒரே நேரத்தில் பலமாகக் கிடைத்தால், ஒன்றின் ஓரம் மற்றொன்றின் மேல் ஏறத்தான் செய்யும்.

பேண்ட்வித் என்பது ரேடியோ எவ்வளவு அகலத்துக்கு உள்ளே விடுகிறது என்பது. 9,600 கிலோஹெர்ட்ஸில் ஒரு நிலையம், 9,605இல் பலமான இன்னொன்று என்று வையுங்கள். 10 கிலோஹெர்ட்ஸ் அகல ஃபில்டர் என்றால் இரு பக்கமும் ஐந்தைந்து உள்ளே வரும். 9,605இன் கேரியர் விளிம்பிலேயே நிற்கும். இரண்டு கேரியர்களும் சேர்ந்து 5 கிலோஹெர்ட்ஸில் காதைத் துளைக்கும் ஒரு விசிலை உண்டாக்கும். 6க்கு மாற்றினால் மூன்று மூன்றுதான் உள்ளே. விசில் அடங்கிவிடும், ஓரத்தில் சலசலப்பு மிஞ்சும். 2.5க்கு வந்தால் அதுவும் போய்விடும். ஆனால் பேச்சு போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல மழுங்கிவிடும், ச, ஸ ஒலிகள் காணாமல் போகும்.

இங்கே ஒரு கைப்பழக்கம் உதவும். குறுகிய பேண்ட்வித்தில் வைத்துவிட்டு 9,600இலிருந்து ஒரு கிலோஹெர்ட்ஸ் கீழே, அதாவது 9,599க்கு நகருங்கள். தொல்லை தரும் நிலையம் இன்னும் தள்ளிப் போகும், நமக்கு வேண்டிய நிலையத்தின் கீழ்ப்பக்க சைட்பேண்ட் அதிகமாக உள்ளே வரும். மழுங்கல் குறைந்து பேச்சு தெளியும். ஒரு கிலோஹெர்ட்ஸ் படியில் நகர முடியாத ரேடியோவில் இதைச் செய்ய முடியாது. அதனால் டியூனிங் ஸ்டெப் எவ்வளவு என்பதையும் விவரக் குறிப்பில் பாருங்கள். 5 கிலோஹெர்ட்ஸ் படி மட்டும் உள்ள ரேடியோவை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

ஏழு பேண்ட்வித் இருப்பதால் ஏழு மடங்கு நல்லது என்று ஆகிவிடாது. ஃபில்டரின் பக்கவாட்டுச் சரிவு எவ்வளவு செங்குத்தாக இருக்கிறது என்பதும் முக்கியம். நல்ல விவரக் குறிப்பில் 6 டெசிபெல் குறையும் இடத்து அகலம், 60 டெசிபெல் குறையும் இடத்து அகலம் என்று இரண்டும் கொடுப்பார்கள். 60 டெசிபெல் என்றால் மின்னழுத்தம் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைவது. இரண்டு அகலங்களும் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு செங்குத்து.

இதையெல்லாம் வாங்கும் முன்னாலேயே கண்ணால் பார்க்கலாம். நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகம் ஒரு வெப் எஸ்.டி.ஆர்., அதாவது இணையம் வழியே நாமே இயக்கிக் கேட்கும் ரேடியோ, வைத்திருக்கிறது. உலாவியிலேயே திறக்கும். ஒவ்வொரு நிலையமும் கேரியர் நடுக்கோடாகவும் சைட்பேண்ட் இரு சிறகாகவும் ஓடுவது திரையில் தெரியும். ஃபில்டர் விளிம்பை மவுஸால் பிடித்து இழுத்துக் குறுக்கினால் காதில் என்ன ஆகிறது என்று அப்போதே கேட்கலாம். ஒரு மாலைப்பொழுது அதில் உட்கார்ந்தால் என் பதிவு முழுக்கப் புரிந்துவிடும்.

சால்டரிங்அயர்ன் (ஈரோடு)

ரேடியோ ரிப்பேர் செய்பவன் நான். டூயல் கன்வர்ஷன் பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

1918இல் எட்வின் ஆம்ஸ்ட்ராங் கொண்டுவந்த சூப்பர்ஹெட்டரோடைன் முறையில்தான் பெரும்பாலான ரேடியோக்கள் ஓடுகின்றன. வரும் அலை எதுவாக இருந்தாலும், உள்ளே ஒரு ஆஸிலேட்டரோடு கலந்து ஒரே நிலையான அதிர்வெண்ணுக்கு மாற்றிவிடுவார்கள். அதுதான் ஐ.எஃப். பழைய டிரான்சிஸ்டர்களில் 455 கிலோஹெர்ட்ஸ். எல்லா நிலையமும் அந்த ஒரு அதிர்வெண்ணுக்கே வந்து சேர்வதால் ஃபில்டரை அங்கே ஒரே இடத்தில் வைத்தால் போதும்.

இதில் ஒரு சிக்கல். ரேடியோவை 8,690இல் வைத்தால் ஆஸிலேட்டர் 455 கூடுதலாக, 9,145இல் ஓடும். ஆனால் 9,600இல் இருக்கும் நிலையமும் 9,145இலிருந்து அதே 455 தள்ளித்தான் இருக்கிறது. அதுவும் ஐ.எஃப்.க்குள் நுழைந்துவிடும். 9,600 நிலையம் 8,690இலும் கேட்கும். இதுதான் இமேஜ். இரண்டு 455 சேர்ந்து 910. ஆகவே சோதிப்பது சுலபம்: பலமான நிலையம் ஒன்றைப் பிடித்து, அதிலிருந்து 910 கிலோஹெர்ட்ஸ் கீழே போய்ப் பாருங்கள். அங்கேயும் அதே குரல் கேட்டால் அது சிங்கிள் கன்வர்ஷன் ரேடியோ, முன்பக்க டியூனிங் பலவீனம்.

டூயல் கன்வர்ஷனில் முதல் ஐ.எஃப். மிக உயரத்தில் இருக்கும். டெக்சன் பிஎல்-660இல் கிட்டத்தட்ட 55 மெகாஹெர்ட்ஸ். இமேஜ் 110 மெகாஹெர்ட்ஸ் தள்ளிப் போய்விடுவதால் அதைச் சாதாரண ஃபில்டரே தடுத்துவிடும். அப்புறம் இரண்டாவது முறை 455க்குக் கொண்டுவந்து கூர்மையாக வடிகட்டுவார்கள். டபுள், டூயல் எல்லாம் ஒன்றுதான்.

என் கருத்து: கைக்கு அடக்கமான டிஜிட்டல் சிப் ரேடியோக்களைவிட, இப்படி முறையாக ஃபில்டர் வைத்துக் கட்டிய ரேடியோதான் நல்லது. டி.எஸ்.பி. எனப்படும் அந்த டிஜிட்டல் சிப் ரேடியோக்களில் மெலிதான நிலையம் வந்தால் அதைப் பிடித்துக் கொடுப்பதற்குப் பதில், சத்தத்தையே குறைத்துவிடுகிறது.

ஊட்டிமலை

அதற்கு சாஃப்ட் மியூட் என்று பெயர் அண்ணா. இரைச்சல் காதை உறுத்தாமல் இருக்க வைத்த வசதி. எஃப்.எம்.மில் நன்மை, தூர நிலையம் தேடுபவருக்குத் தொல்லை. அந்தக் குறையை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டி.எஸ்.பி. என்பதற்காக ஒதுக்க வேண்டாம். தம்பி சொன்ன ஏழு பேண்ட்வித் எஸ்ஐ4735 வகை சிப்பின் பட்டியல். எக்ஸ்எச்டேட்டா டி-808 போன்ற ரேடியோக்களில் இருப்பது அதுதான். அந்த அளவு செலக்டிவிட்டிக்கு முன்பெல்லாம் தனித்தனி ஃபில்டர் வாங்கிப் பொருத்த வேண்டும், அதற்குப் பணம் கொட்ட வேண்டும். சிப்புக்குள் அது கணக்காகவே நடக்கிறது. நெரிசலான 41 மீட்டரில் குறைந்த செலவில் வேலை ஆகிறதென்றால் அதில்தான் ஆகிறது.

ஏரியல்கம்பி

இரண்டு பேர் சொல்வதும் சரிதான். நான் சிங்க் பற்றிச் சொல்கிறேன். அதுதான் எனக்கு மிகவும் பிடித்த வசதி.

சிற்றலையில் குரல் ஏறி இறங்குவதைக் கேட்டிருப்பீர்கள். வெறுமனே ஏறி இறங்கினால் ஏ.ஜி.சி. சமாளித்துவிடும், சத்தம் குறையும்போது கூட்டும், கூடும்போது குறைக்கும். ஏ.ஜி.சி.யின் வேலை அவ்வளவுதான். ஆனால் சில நேரம் சத்தம் குறையாமலேயே குரல் கிழிந்து, தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல ஆகும். அயனி மண்டலத்தில் வெவ்வேறு வழியில் வந்த அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்போது, கேரியர் மட்டும் மெலிந்து சைட்பேண்ட் தப்பித்துவிடுகிறது. கேரியர் இல்லாமல் சாதாரண டிடெக்டரால் குரலைச் சரியாகப் பிரிக்க முடியாது. சிங்க்ரனஸ் டிடெக்டர் உள்ள ரேடியோ தானே ஒரு கேரியரை உருவாக்கி, வரும் கேரியரோடு இணைபிடித்து, அதை வைத்துக் குரலைப் பிரிக்கும். கிழிசல் போய்விடும். கூடவே மேல் சைட்பேண்டா கீழ் சைட்பேண்டா என்று தேர்ந்தெடுக்கவும் விட்டால், தொல்லை வரும் பக்கத்தை முழுக்கத் தள்ளிவிடலாம். பிஎல்-660இல் இது உண்டு, நிறுத்தப்பட்டுவிட்ட சோனி ஐசிஎஃப்-எஸ்டபிள்யூ7600ஜிஆரிலும் உண்டு.

சிங்க் இல்லாவிட்டால் எஸ்.எஸ்.பி. (ஒற்றை சைட்பேண்ட்) உள்ள ரேடியோவில் கையாலேயே அதைச் செய்யலாம். எஸ்.எஸ்.பி. போட்டு, ஊளைச் சத்தம் இறங்கி இறங்கி நின்றுபோகும் புள்ளிக்கு நகர்த்துங்கள். பாட்டுக்குச் சரிப்படாது, பேச்சுக்கு நன்றாக இருக்கும்.

கரிசல்காடு

எஸ்.எஸ்.பி. என்பது ஹாம்காரர்களுக்கு மட்டும் என்று நினைத்தேன். அது எனக்குத் தேவையா?

ஊட்டிமலை

கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். எஸ்.எஸ்.பி.யில் கேரியரையும் ஒரு சைட்பேண்டையும் அனுப்புவதே இல்லை. மிச்சமிருக்கும் ஒரு சைட்பேண்டில் முழுச் சக்தியும் போகிறது. அனுப்பாத கேரியருக்குப் பதிலாக ரேடியோவிலேயே ஒன்றை உண்டாக்குவதுதான் பி.எஃப்.ஓ. அது இல்லாத ரேடியோவில் வெறும் வாத்துச் சத்தம்தான் கேட்கும். ஹாம்களில் 10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே பேசுபவர்கள் கீழ் சைட்பேண்ட் (எல்.எஸ்.பி.), மேலே பேசுபவர்கள் மேல் சைட்பேண்ட் (யு.எஸ்.பி.) என்பது வழக்கம். காலையில் 7 மெகாஹெர்ட்ஸில் எல்.எஸ்.பி. போட்டுத் தேடுங்கள், நம் ஊர்க்காரர்கள் பேசுவது கேட்கும்.

ரேடியோவைச் சோதிக்க இன்னொன்று: விமானிகளுக்கான மும்பை வானிலை அறிவிப்பு, 6,676 அல்லது 11,387 கிலோஹெர்ட்ஸ், யு.எஸ்.பி., ஒவ்வொரு மணியின் 25ஆம், 55ஆம் நிமிடத்தில் தொடங்கும். அது யு.டி.சி., அதாவது உலகப் பொது நேரக் கணக்கு. நம் நேரம் ஐந்தரை மணி முன்னே இருப்பதால் நம் கடிகாரத்திலும் 25, 55 என்றே வரும். அந்தப் பேச்சு இயல்பான குரலில் நிற்க வேண்டும். 10 ஹெர்ட்ஸ் படியில் நகர்த்த முடிந்தால் சுலபமாக நிற்கும். சிறிது நேரத்தில் குரல் தானாக மாறினால் ரேடியோவின் ஸ்டெபிலிட்டி போதாது.

வடமராட்சியான்

அலையின் பலத்தைக் காட்டும் எஸ் மீட்டர் பற்றியும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். முறைப்படி எஸ்9 என்றால் ஏரியல் முனையில் 50 மைக்ரோவோல்ட். ஒரு எஸ் குறைந்தால் 6 டெசிபெல், அதாவது மின்னழுத்தம் பாதி. எஸ்8 என்றால் 25, எஸ்7 என்றால் பன்னிரண்டரை. சிறிய வானொலிகளில் தெரியும் கோடுகள் இந்த அளவுக்கு ஒத்துவராது. ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் பாவிக்கலாம்.

நிலையங்களுக்கு அறிக்கை எழுத விருப்பம் இருந்தால் சின்போ பழகுங்கள். ஒலியின் பலம், பிற நிலையத் தொல்லை, இரைச்சல், அலை பரவும் நிலை, மொத்தத் தரம் என்று ஐந்துக்கும் 1 முதல் 5 வரை புள்ளி. 5 என்றால் சிறப்பு. 43443 என்று எழுதினால் பலம் நன்று, பக்கத்து நிலையத் தொல்லை நடுத்தரம் என்று அவர்களுக்கு விளங்கும். நேரத்தை யு.டி.சி.யில் எழுத வேண்டும். சரியான விவரத்தோடு எழுதினால் கேட்டதை நிலையம் உறுதிப்படுத்தும் க்யூ.எஸ்.எல். அட்டை வரும். இன்னொன்று, அலைவரிசைப் பட்டியல் மார்ச் கடைசி ஞாயிறிலும் அக்டோபர் கடைசி ஞாயிறிலும் மாறும். அதன் பிறகு ஒரு நிலையம் பழைய இடத்தில் கேட்காவிட்டால் வானொலியைக் குறை சொல்ல வேண்டாம்.

கரிசல்காடு

நண்பரிடமிருந்து ஒரு ரேடியோவை இரவல் வாங்கிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். குச்சி ஏரியலில் சுமாராக இருந்ததால், மொட்டை மாடியில் நீளமாக ஒரு ஒயர் இழுத்துச் சொருகினேன். எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக இருக்கிறது. 3,159 கிலோஹெர்ட்ஸில் ஆகாசவாணி தமிழ் நிகழ்ச்சி, 2,106இலும் அதே. 2,250இல் இரண்டு நிகழ்ச்சிகள் கலந்து கேட்கின்றன. 60 மீட்டர் பக்கமெல்லாம் ஒரே முணுமுணுப்பு. ஒயரைப் பிடுங்கினால் எல்லாம் போய்விடுகிறது. இங்கே சிற்றலையில் இப்படி ஒலிபரப்புகிறார்களா?

ஏரியல்கம்பி

இல்லை தம்பி. உங்கள் மாவட்டத்திலேயே தூத்துக்குடி நிலையம் 1,053 கிலோஹெர்ட்ஸில் 200 கிலோவாட் சக்தியில் இருக்கிறது. 1,053ஐ இரண்டால் பெருக்கினால் 2,106, மூன்றால் பெருக்கினால் 3,159. பக்கத்தில் திருநெல்வேலி 1,197. இரண்டையும் கூட்டினால் 2,250. கணக்கு கச்சிதமாக இருக்கிறது பாருங்கள். நீள ஒயர் அந்த மத்திய அலையை அள்ளிக்கொண்டு வந்து ரேடியோவின் முன்பக்கத்தை நிறைத்துவிட்டது. தாங்காத முன்பக்கம் தானே புதுப்புது அதிர்வெண்களை உண்டாக்குகிறது. இதுதான் ஓவர்லோட். இரண்டு நிலையங்கள் கலந்து வருவது இன்டர்மாடுலேஷன். மிக மெலிந்ததிலிருந்து மிகப் பலமானது வரை ஒரு ரேடியோ குழப்பமில்லாமல் தாங்கும் வீச்சுதான் டைனமிக் ரேஞ்ச். சென்சிட்டிவிட்டியைக் கொட்டை எழுத்தில் போடும் விளம்பரங்கள் பல இதைச் சொல்வதே இல்லை. உங்கள் ஊருக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான்.

அட்டெனுவேட்டர், அதாவது டிஎக்ஸ் (தூர நிலையம்), லோக்கல் என்று எழுதிய சுவிட்ச், எதற்கென்று இப்போது தெரிந்துவிடும். அதை லோக்கலில் வைத்துக் கேளுங்கள். 10 டெசிபெல் குறைத்தால் உண்மையான நிலையம் 10 டெசிபெல்தான் குறையும். ரேடியோவுக்குள்ளே பிறந்தது அதைவிடப் பெரிய அளவில் விழும். மூன்றால் பெருக்கி வருவது 30 டெசிபெல் விழும்.

கரிசல்காடு

செய்து பார்த்தேன் ஐயா. லோக்கலில் 3,159 அடியோடு காணவில்லை, 2,250இலும் ஒன்றுமில்லை. 31 மீட்டர் நிலையங்கள் கொஞ்சம் மட்டும் மெலிந்தன, ஆனால் முன்பைவிடத் தெளிவாகக் கேட்கின்றன. டிஎக்ஸில் இருந்தபோது பின்னால் ஓடிய முணுமுணுப்பு இல்லை.

சால்டரிங்அயர்ன்

அப்படியானால் எல்லாம் ரேடியோவுக்குள்ளே பிறந்ததுதான். நீங்கள் எந்த மாடல் வாங்கினாலும், ஒயருக்கும் ரேடியோவுக்கும் நடுவே மத்திய அலையை மட்டும் வெட்டும் ஹை பாஸ் ஃபில்டர் ஒன்று போடுங்கள். சில காயில், சில கண்டென்சர், ஒரு சிறிய தகர டப்பா, அவ்வளவுதான் சாமான். அது இருந்தால் சுவிட்சை டிஎக்ஸிலேயே வைத்துக் கேட்கலாம். டப்பாவை எர்த்தோடு சேர்த்துவிடுங்கள். வாங்கும் ரேடியோவில் வெளி ஏரியல் சாக்கெட் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். குச்சியில் கிளிப் மாட்டினால் ஃபில்டரைத் தாண்டி குச்சி வழியாகவும் மத்திய அலை உள்ளே வரும். ஐப்பசி இடிமழை தொடங்கிவிட்டால், கேட்டு முடித்ததும் ஒயரைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுங்கள்.

கரிசல்காடு

சரி அண்ணா. சாக்கெட்டும், ஒரு கிலோஹெர்ட்ஸ் படியும், எஸ்.எஸ்.பி.யும் உள்ள மாடலையே பார்க்கிறேன். ஃபில்டருக்கான காயிலை நீங்களே சுற்றித் தர முடியுமா? ஈரோட்டுக்கு அடுத்த வாரம் வருகிறேன்.

சால்டரிங்அயர்ன்

வாங்க தம்பி. அந்த இரவல் ரேடியோவையும் கொண்டு வாருங்கள், ஃபில்டரை அதிலேயே போட்டுப் பார்த்துவிடலாம்.